கஜானா வாசலில் இரண்டாம் தளவாய்

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள், எங்கள் பூவாணிக்கோட்டையில் ஓய்வுபெற்ற ஏட்டு தளவாய்க்கு இரண்டு காலமும் ஒன்றாகவே வந்து, ஒன்று மேலத்தெரு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, இன்னொன்று தேர்முக்கில் துப்பாக்கியோடு விறைத்து நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், பார்த்துவிட்டு அவரவர் வாங்க வந்த கத்தரிக்காயையும் கருவாட்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

நடந்தது இதுதான். தளவாய் வேலையில் இருந்த காலத்தில் ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக சஸ்பென்ஷனில் இருந்தார். விசாரணை முடிந்து, போனால் போகிறது என்று அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது, வீட்டில் இருந்த அந்தக் காலத்தையும் பணியில் இருந்ததாகவே கருதலாம் என்று மேலதிகாரி ஒருவர் பெரிய மனது பண்ணி உத்தரவு போட்டார், போட்டவர் மாறுதலில் போனார், உத்தரவு ஏதோ ஒரு மேசையில் தலைசாய்த்துப் படுத்துக்கொண்டது, தளவாய் ஓய்வுபெற்ற அன்று அந்தக் காலம் இல்லாமலேயே அவருக்கு ஓய்வூதியம் போட்டார்கள். அவர் மனு மேல் மனு போட்டார். ஒரு மனு கையெழுத்து இல்லை என்று திரும்பியது, ஒன்று கையெழுத்து இருக்கிறது ஆனால் தளவாயுடையது போல இல்லை என்று திரும்பியது, ஒன்று திரும்பவே இல்லை. கடைசியில் ஓய்வூதியப் பிரிவுக்கு மரியபுஷ்பம் என்ற கண்காணிப்பாளர் வந்து, படுத்திருந்த உத்தரவைத் தட்டி எழுப்பி, விட்டுப்போன காலத்தைச் சேர்த்துத் திருத்திக் கொடுத்துவிட்டார்.

திருத்தம் வந்த மறுநாள் காலை, தேர்முக்கில் கஜானா வாசலில் இருக்கும் பாராக் கூண்டில், காவல் போலீஸை எடுத்துவிட்ட பிறகு வருடக்கணக்காக ஆடுகள் மட்டுமே படுத்து எழுந்த அந்தக் கூண்டில், அரைக்கால் நிஜாரும் காலில் சுற்றிய பட்டியும் உயரத் தொப்பியுமாக இளம் தளவாய் நின்றார். அதே கிடா மீசை, அதே இடப்பக்கம் கொஞ்சம் வளைந்த மூக்கு. வேலை பார்த்ததாக எழுதிவிட்டால் பார்த்துத்தானே ஆக வேண்டும், விட்டுப்போன பாராவைப் பார்க்க ஆள் வந்துவிட்டது, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் எங்கள் ஊர் நினைத்தது.

கஜானா அதிகாரி, நீங்கள் காவல் போட்டீர்களா என்று ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேட்டார். நாங்கள் போடவில்லை, ஆனால் எடுக்கச் சொல்லியும் மேலிருந்து வரவில்லை என்றார்கள். ஆக, இருக்கட்டும் என்றாயிற்று. வாழைப்பழ வண்டிக்காரர் தன் வண்டியை நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டார். ஓய்வூதியம் வாங்கும் முதியவர்கள் ஆண்டு நேர்காணலுக்கு வரும்போது குடையையும் பையையும் அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள், ஒரு பை கூடக் காணாமல் போனதில்லை. பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார்கள். செல்போனில் படம் எடுத்தவர்களுக்குக் கூண்டு மட்டும் விழுந்தது, அதற்காக யாரும் போனைக் கடையில் கொடுத்துப் பழுது பார்க்கவில்லை.

பொறாமை முதலில் பிடித்தது மற்ற ஓய்வுபெற்ற போலீஸ்காரர்களைத்தான். தளவாய்க்கு ஒரு தப்பு இருந்தால் நமக்கு இருக்காதா என்று சங்கத்தில் ஆளாளுக்குத் தங்கள் கணக்கைக் கிளறினார்கள். சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற எஸ்.ஐ. சாலமோனுக்குப் பயிற்சிக் காலம் சரியாகச் சேரவில்லை என்று தெரிந்து அதுவும் திருத்தப்பட்டது, ஆனால் பாவம், அவருக்கு ஆள் வரவில்லை, பள்ளிக்கூட மைதானத்தில் விடிகாலையில் இரண்டு பூட்ஸ் மட்டும் இடம் வலம் என்று நடந்தன. அவற்றைச் சுற்றிப் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். தப்பே இல்லாத கணக்கு வைத்திருந்தவர்கள் பாடு இன்னும் மோசம், வீட்டில் மனைவிமார், "ஒரு தப்பு கூடவா இல்ல ஒங்களுக்கு? என்னத்த வேல பாத்திய?" என்று கேட்டுக் கேட்டு அவர்களுக்குச் சோறு இறங்காமல் செய்துவிட்டார்கள்.

ஆனால் ஊரின் பொறாமையை எல்லாம் ஒரு தட்டில் வைத்து, தளவாயின் பொறாமையை மறு தட்டில் வைத்தால் ஊர்தான் மேலே போகும். அந்த மனிதர் அப்படி. கல்யாணமான புதிதில் பால்காரர் மீது பொறாமை, பிறகு தபால்காரர் மீது, பிறகு கோயில் கொடைக்கு வந்த வில்லுப்பாட்டுக்காரர் மீது. மனைவி உலகம்மாள் முருங்கை மரத்தைப் பார்த்துச் சிரித்தால் மரத்துக்குப் பின்னால் யார் என்று போய்ப் பார்த்துவிட்டு வருவார். உலகம்மாள் வாசலில் நின்று நாங்கள் பார்த்ததே கிடையாது, தண்ணீர்க்குடத்தைக் கூட அவர்தான் தோளில் தூக்கி வருவார், அதை அன்பு என்று நினைத்த பெண்களும் எங்கள் தெருவில் உண்டு.

சஸ்பென்ஷன் ஆனதும் அதனால்தான். இதே கஜானாவில் பாரா நின்றபோது, ஒரு நாள் பகலில், யாரோ விளையாட்டுக்கு, "ஏட்டையா, ஒங்க வீட்டுக்குக் கட்டில் முடைய ஆள் வந்திருக்கு போல" என்று சொல்லிவிட்டுப் போனார். மாற்று ஆள் வந்து பொறுப்பேற்காமல் பாராக்காரன் இடத்தை விட்டு அசையக் கூடாது, பாம்பு வந்தாலும் அசையக் கூடாது, அது போலீஸில் கால் வைத்த அன்றே சொல்லிக் கொடுக்கும் பாடம். தளவாய் அரசாங்கத்தின் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, துப்பாக்கியோடு வீட்டுக்கு ஓடினார். முற்றத்தில் பல் கொட்டிப்போன ஒரு கிழவர் கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டு கட்டில் முடைந்துகொண்டிருந்தார், துப்பாக்கியைப் பார்த்து, "முடைஞ்சது சரியில்லையா ஐயா?" என்று கேட்டார். அந்த ஓட்டத்துக்குக் கிடைத்ததுதான் அந்த சஸ்பென்ஷன், அந்தக் காலம் முழுவதும் தளவாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கஜானாவுக்குப் பதிலாக உலகம்மாளைக் காவல் காத்தார்.

இப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, உலகம்மாளுக்கும் தலை நரைத்து முழங்கால் வலி வந்துவிட்டது, பொறாமைக்கும் வயதாகியிருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். கூண்டில் ஆள் வந்த அன்று ஊரே பார்க்கப் போனபோது உலகம்மாளும் கூட்டத்தோடு போய்ப் பார்த்தார். பேசாமல் வீட்டுக்கு வந்தார், உலை வைத்தார், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தார், தூக்குவாளியில் போட்டு மூடினார், கணவரைத் தாண்டித் தெருவில் இறங்கினார்.

"ஏளா, எங்க போற?"

"ஒங்களுக்குச் சோறு கொண்டு போறேன்."

"நான் இங்கதான இருக்கேன்?"

"அங்கயும்தான் நிக்கிய" என்று சொல்லிவிட்டு உலகம்மாள் போய்விட்டார்.

அன்றிலிருந்து தினமும் உச்சிவேளையில் உலகம்மாள் தேர்முக்குக்குப் போனார். இளம் தளவாய் கூண்டுக்குள் நின்றபடியே சாப்பிட்டார், சாப்பிடும் வரை உலகம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அவர் சிரித்தார், இவரும் சிரித்தார், பூக்கார பிச்சம்மாள் ஒரு நாள் சும்மா கொடுத்த பிச்சிப்பூவை உலகம்மாள் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். ஊரில் ஒருவர் கூடத் தப்பாகப் பேசவில்லை. கட்டிய புருஷனுக்குச் சோறு கொண்டு போவதில் பேச என்ன இருக்கிறது?

தளவாய்க்கு மட்டும் நெஞ்சு எரிந்தது. மறைந்து நின்று கேட்கலாம் என்று கூண்டுப் பக்கம் போனால், எல்லோரையும் சும்மா விடுகிற அந்த இளம் ஆள், இவரைக் கண்டதும் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டி, "யாரது, நில்!" என்று அதட்டினார். தன் குரலே தன்னை அதட்டியபோது தளவாய்க்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நேரே ஸ்டேஷனுக்குப் போனார்.

"என் பொஞ்சாதிகிட்ட ஒருத்தன் சிரிச்சிப் பேசுதான், கேஸ் போடணும்."

"யார் மேல புகார்?" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

"தளவாய் மேல."

"புகார் குடுக்கிறது?"

"தளவாய்."

இன்ஸ்பெக்டர் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். தளவாய் அங்கிருந்து பஸ் ஏறி ஓய்வூதியப் பிரிவுக்குப் போய், எனக்குக் கூடுதல் ஓய்வூதியம் வேண்டாம், திருத்தியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று மரியபுஷ்பத்தின் மேசைக்கு முன் நின்றார்.

"திருத்தினத மறுபடியும் திருத்தணும்னா அதுல ஒரு தப்பு இருக்கணும் ஐயா" என்றார் மரியபுஷ்பம். "நான் ரெண்டு தடவ பாத்துட்டேன். தப்பே இல்ல."

"அவன் போகணும்மா."

"சேத்தது அந்தக் காலத்துக்கு மட்டும்தான? ஆடியோட முடியும். பொறுத்துக்கோங்க."

தளவாய் பொறுத்துக்கொண்டார். பொறுத்துக்கொள்வது என்றால் அவர் பாணியில், உலகம்மாள் அரிசி களையும்போது எவ்வளவு போடுகிறார் என்று பார்ப்பது, எனக்குப் பழைய குழம்பு, அவனுக்குப் புதுக் குழம்பா என்று கேட்பது, தலையில் பூ இருக்கும் நாளில் சாப்பிடாமல் எழுந்துபோவது. ஒரு நாள் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"அவன்கிட்ட என்னளா இருக்கு? அதே மூக்கு, அதே மீசைதான?"

உலகம்மாள் கறிவேப்பிலையை உருவிக்கொண்டே சொன்னார், "அந்த வருசம் போலீஸ் லைன் வீட்டுப் பொம்பளைய எல்லாரும் தூக்குவாளிய எடுத்துக்கிட்டு, பேசிச் சிரிச்சுக்கிட்டு, அவிய அவிய வீட்டுக்காரருக்குச் சோறு கொண்டு போனாவ. நான் கதவுக்குப் பின்னால நின்னு அந்தச் சத்தத்தக் கேட்டேன். நீங்க வாசல்ல என்னையக் காவல் காத்திய. ஒங்களுக்கு விட்டுப்போன வருசம் வந்துட்டுல்லா? எனக்கும் அதே வருசம்தான் விட்டுப்போச்சு."

பதில் இல்லாத பொறாமை இருக்கிறதே, அது பதில் உள்ள பொறாமையை விடக் கொடியது, அன்று இரவெல்லாம் தளவாய் புரண்டுகொண்டே கிடந்தார்.

ஆடி முடிந்தது. ஆவணியும் பிறந்தது. இளம் தளவாய் போகவில்லை. கால் வீங்கிக் கண் சிவந்து, ஆனாலும் விறைப்புக் குறையாமல் நின்றார். தளவாய் சங்கத்துக்கு ஓடி, காலம் முடிந்தும் அவன் நிற்கிறானே, இது என்ன அநியாயம் என்று மேசையைத் தட்டினார்.

"பாரா மாத்தாம எவனாவது போவானாவே?" என்றார் சாலமோன். "ஒம்மத் தவிர?"

சங்கத்தில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். அவனாவது ஒழுங்காக நிற்கட்டும் என்று யாரோ முணுமுணுத்தார். சாலமோன் நல்ல மனிதர், எழுந்து போய்க் கூண்டுக்கு முன் நின்று, பாரா மாற்ற வந்திருக்கிறேன் என்று சல்யூட் அடித்தார். "நீங்க இல்ல ஐயா" என்றார் இளம் தளவாய். வேறு இருவரும் போய்ப் பார்த்தார்கள். அவர்களும் இல்லை என்றார்.

யார் என்று தளவாய்க்குத் தெரிந்துவிட்டது, ஊருக்கும் தெரிந்துவிட்டது. இவன் தொலைந்தால் போதும் என்ற ஒரே நினைப்பில் அவர் பெட்டியிலிருந்து பழைய சட்டையை எடுத்துப் போட்டார், கால்சட்டை தொப்பைக்கு எட்டவில்லை, வேட்டியைக் கட்டி மேலே போலீஸ் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு விடிந்ததும் தேர்முக்குக்கு நடந்தார். கடைக்காரர்கள் பாதித் தூக்கிய கதவை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் வந்தார்கள்.

"யாரது, நில்!"

"தளவாய்."

"எதுக்கு வந்திய?"

"பாரா மாத்த."

அந்த இளம் தோள்கள் முதல்முறையாகத் தளர்ந்தன. "வந்துட்டியளா" என்றார். பூட்டு சரி, முத்திரை சரி, துப்பாக்கி ஒன்று, தோட்டா சரி என்று முறைப்படி ஒப்புவித்தார். பெரிய தளவாய் வாங்கித் தோளில் சாத்திக்கொண்டு, தொலையட்டும் என்று பார்த்தார். இளையவர் தொலையவில்லை. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

"டூட்டி முடிஞ்சிட்டு. வீட்டுக்குப் போவணும். லைன் வீடெல்லாம் இடிஞ்சி கெடக்கே, இப்ப வீடு எங்க?"

இதைத் தளவாய் நினைத்தே பார்க்கவில்லை. டூட்டி முடிந்தவன் வீட்டுக்குத்தானே போவான், வேறு எங்கே போவான்? பொய்யாக வேறு தெருவைக் காட்டிவிடலாமா என்று அவர் வாய் ஒரு முறை திறந்து மூடியதை நாங்கள் பார்த்தோம். எதிரே நின்றவன் வீங்கிய கால்களை மாற்றி மாற்றி ஊன்றினான். அவை தன் கால்கள்தான்.

"மேலத்தெரு. முருங்கை மரம் நிக்கும்" என்றார்.

இளம் தளவாய் தேர்முக்கைத் தாண்டி, கூட்டம் வழிவிட, மேலத்தெருவுக்குள் திரும்பி மறைந்தார். பெரியவர் கூண்டுக்குள் நின்றார். அசையக் கூடாது. அசைந்தால் அன்று ஓடிய அதே ஓட்டம்தான், இந்த முறை ஊர் முழுக்க விழித்திருந்து பார்க்கும். ஏட்டையா ஓடுவார் என்று பாதிப் பேரும் நிற்பார் என்று பாதிப் பேரும் பேசிக்கொண்டார்கள், நிற்பார் என்றவர்களுக்கே நம்பிக்கை இல்லை. பிச்சம்மாள் வாய் சும்மா இருக்காது, மேலத்தெரு முனைக்கும் கூண்டுக்குமாக நடந்து, "அந்தப் பிள்ள வீட்டுக்குள்ள போயிட்டு ஏட்டையா" என்றார். சற்று நேரம் கழித்து, "அக்கா தண்ணி எறச்சிக் குடுக்காவ" என்றார். வெயில் ஏறிய பிறகு, "கதவச் சாத்திட்டாவ" என்றார்.

"எனக்கு நெஞ்செல்லாம் எரியுது பிச்சம்மா" என்றார் தளவாய், யாரிடமும் அவர் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. கண்ணில் நீர் வந்தது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. ஒரு கால் படியை விட்டு முன்னே வந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. அந்தக் காலை அவரே குனிந்து பார்த்தார், பார்த்துப் பின்னால் இழுத்துக்கொண்டார். உச்சிவேளை ஆயிற்று. தூக்குவாளி வரவில்லை. வெயில் சாய்ந்தது, பசியில் வயிறு ஒட்டியது, எரிச்சல் மட்டும் பசியாறிக்கொண்டே இருந்தது. மனிதர் நின்றார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு உலகம்மாள் வந்தார், வெறுங்கையோடு வந்தார். முகம் அழுது கழுவியது போல இருந்தது. கூட்டம் ஒதுங்கிக்கொண்டது.

"போயிட்டாவ" என்றார் உலகம்மாள். "குளிச்சாவ, சாப்ட்டாவ, கட்டில்ல படுத்தாவ. நல்ல ஒறக்கம். பொழுது சாஞ்சிட்டேன்னு எழுப்பப் போனேன், ஆளில்ல."

"கதவச் சாத்திக்கிட்டு என்ன பேசினிய?"

"அது அவியளுக்கும் எனக்கும்."

தளவாயின் மீசை துடித்தது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அந்த மீசை துடித்தால் அடுத்து வருவது என்ன என்று. அவர் துப்பாக்கியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார்.

"சரி" என்றார்.

உலகம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். வேட்டியையும் பெல்ட்டையும் பார்த்து லேசாகச் சிரிப்பு வந்தது. "சாப்பிடலையே நீங்க. சோறு மூடி வச்சிருக்கு, புதுக் குழம்புதான். போயிச் சாப்பிடுங்க."

"பாரா மாத்த ஆள் வரணும்ளா. விட்டுட்டு வர முடியாது."

"நான் வந்திருக்கேம்லா" என்று உலகம்மாள் கையை நீட்டினார். "குடுங்க இங்க. பூட்டு சரியா? முத்திரை சரியா?"

தேர்முக்கு நிறைய ஆண்கள். டீக்கடை பெஞ்சில், வாழைப்பழ வண்டியைச் சுற்றி, பஸ்ஸுக்கு நிற்பவர்களாக, எல்லோர் கண்ணும் உலகம்மாள் மேல்தான். வில்லுப்பாட்டுக்காரர் கூட, பல் போன கிழவராக, ஒரு தூணில் சாய்ந்து நின்றார். தளவாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். உலகம்மாள் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"பூட்டு சரி" என்றார் தளவாய். "முத்திரை சரி. துப்பாக்கி ஒண்ணு. கனமா இருக்கும், தோள்ல சாத்திக்க."

உலகம்மாள் வாங்கிச் சாத்திக்கொண்டு, கூண்டுக்குள் ஏறி, வாழ்நாளில் முதல்முறையாக ஊரைப் பார்க்கத் திரும்பி நின்றார். டீக்கடையில் யாரோ விசில் அடித்தார்கள். தளவாயின் முதுகு ஒருமுறை விறைத்தது, ஆனால் கால்கள் நிற்கவில்லை, மேலத்தெரு திரும்பும் வரை அவர் பின்னால் பார்க்கவே இல்லை.